தோழிக்குப் புது நன்மை, என் மகளுக்கு எப்போது? கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிற சமயக் குழந்தைகள் குறித்து ஒரு கேள்வி

நூல்கண்டு (அவிநாசி வட்டாரம்) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். எங்கள் மகள், அருட்சகோதரிகள் நடத்துகிற, அரசு உதவி பெறும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். நாங்கள் இந்துக்கள்.

பள்ளியின்மீது எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வகுப்பில் எழுத்துக்கூட்டவே திணறிய பிள்ளை, இன்று தன் அப்பத்தாளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறாள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு அவள் எடுக்கிற விடுப்புக்கு யாரும் முகம் சுளித்ததில்லை. பள்ளியில் மதிய உணவுக்கு முன் சிலுவை அடையாளம் போட்டுப் பழகியவள் வீட்டிலும் அப்படியே செய்வாள். டிசம்பரில் அட்டைப்பெட்டியில் குடில் கட்டுவாள். அதற்கு வைக்கோல் எடுத்துக் கொடுப்பதே என் அத்தைதான். இந்த ஆண்டு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றவளைப் பார்த்து, “நம்ம திருநீறு மாதிரித்தான் கண்ணு” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சென்ற ஞாயிறன்று மகளின் நெருங்கிய தோழிக்குத் தேவாலயத்தில் புது நன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை அப்பம், கொடுத்தார்கள். வெள்ளை உடை, தலையில் பூ முடி, கையில் மெழுகுவத்தி என்று அந்தக் குழந்தை நின்றதை எங்கள் மகள் முன்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்கார்ந்தபடியே, “அம்மா, எனக்கு எப்போ புது நன்மை?” என்று கேட்டாள். அதுவரை எதற்கும் ஒன்றும் சொல்லாத அத்தை, அன்று இரவு, “புள்ளைய வேதத்துல சேத்திருவாங்களாட்ட இருக்குது” என்று, மதம் மாற்றிவிடுவார்களோ எனக் கலங்கிவிட்டார். அடுத்த ஆண்டு வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார்.

மாதத்தின் முதல் வெள்ளிதோறும் எல்லாக் குழந்தைகளையும் தேவாலயத்தில் நடக்கும் திருப்பலி வழிபாட்டுக்கு வரிசையாக அழைத்துச் செல்கிறார்கள். என் மகளை அனுப்ப வேண்டாம் என்று நான் கேட்க முடியுமா? அப்படிக் கேட்டால் அவள் வகுப்பில் தனித்து விடப்படுவாளா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை (கோவை):

வணக்கம் அம்மா. நான் கத்தோலிக்கர், துறவி அல்லர். கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள். உங்கள் அத்தையின் கலக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கு உறுதியான பதில் இருக்கிறது.

புது நன்மை என்பது நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி கொடுக்கும் பரிசோ பட்டமோ அன்று. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற குழந்தை, நற்கருணையை, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக நாங்கள் பெறும் அப்பத்தை, சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறியும் வயதுக்கு வந்த பின், குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருள்சாதனத்தில் பங்கேற்று, அதன்பின் முதன்முறையாக உட்கொள்வதே அது. அந்த வயது ஏறத்தாழ ஏழு என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வரையறுத்தார். அதற்கு முன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்கச் செய்தார்கள். நம் பங்குகளில் (தேவாலய வட்டாரங்களில்) மூன்றாம், நான்காம் வகுப்புகளில் இது நடப்பதால், பள்ளிப் பருவத்து நிகழ்ச்சி போலத் தோற்றமளிக்கிறது. திருமுழுக்கு இல்லாமல் புது நன்மை இல்லை. ஏழு வயது கடந்த குழந்தையைத் திருமுழுக்கு விஷயத்தில் வயது வந்தவராகவே திருச்சபைச் சட்டம் கருதுகிறது. அதாவது, அந்தக் குழந்தை தானாக விரும்பிக் கேட்டிருக்க வேண்டும், முறையாகக் கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும், பெற்றோரின் இசைவும் இருக்க வேண்டும். பள்ளி மணியடித்து வரிசையில் நிறுத்திச் செய்துவிடக்கூடிய காரியம் அன்று அது. இதை உங்கள் அத்தையிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

சாம்பலை மட்டும் எப்படிக் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். சென்ற ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்துச் செய்யும் சாம்பல் அது. திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருள்சாதனம் அன்று, ஓர் அடையாளம். ஆசி சார்ந்தவற்றைக் கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் வழங்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. உங்கள் அத்தை சாம்பலுக்குக் கலங்காமல் நன்மைக்குக் கலங்கியிருக்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் மக்களில் பலரைவிட அவர் நன்றாக உணர்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மகளிடம் சொல்ல உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. நோன்பு சாட்டியபின் கோயிலில் காப்புக் கட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிக்கொண்டவர் விரதம் காக்க வேண்டும், வெளியூர் போய்த் தங்கக் கூடாது, நினைத்தபோது அவிழ்க்கக் கூடாது. காப்புக் கட்டாதவர்களும் கோயிலுக்கு வருகிறார்கள், கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பிரசாதம் வாங்குகிறார்கள். அவர்களை யாரும் குறைவாக நினைப்பதில்லை. உன் தோழி அவர்கள் வீட்டு முறைப்படி காப்புக் கட்டிக்கொண்டாள், நீ திருவிழாப் பார்க்கப் போனாய் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் இதே கேள்வியைக் கேட்ட குழந்தைகளுக்கு நான் சொன்னது இதைத்தான்; அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லாத வீட்டுப் பிள்ளைகள்.

இனித் திருப்பலிக்கு வருகிறேன். எல்லாக் குழந்தைகளையும் வரிசையாக அழைத்துச் செல்வது பல பள்ளிகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் அதை நம்பிக்கை என்று சொல்வதைவிட நிர்வாக வசதி என்று சொல்வதே பொருத்தம். பாதிப் பேரை அழைத்துப்போனால் மீதிப் பேரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர் வேண்டும், அதற்கு ஆள் இல்லை, ஆகவே எல்லோரும் வாருங்கள் என்று ஆகிவிடுகிறது. நான் பொறுப்பேற்ற புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று, ஒரே நாளில், கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் பிற சமயங்களுடனான உறவு பற்றிய அறிக்கையையும் வெளியிட்டது. முன்னது, குழந்தைக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்கிறது. பின்னது, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையைப் பீடத்தின் முன் உட்கார வைப்பதற்கு எங்களுக்கு எந்த நியாயமும் இல்லை என்பது விளங்கும். 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கல்வி அலுவலகம் பள்ளிகளுக்குக் கொடுத்த வழிகாட்டுதலும், பிற சமய மாணவர்கள்மீது நம் மரபுகளைத் திணிக்கக் கூடாது என்றே வெளிப்படையாகச் சொல்கிறது. காலை வணக்கக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்கச் சொல்வதும் அதே வழிகாட்டுதல்தான்.

எனவே நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். கடிதம் எழுதுவதற்கு முன், பள்ளி விட்ட பிறகு வகுப்பு சிஸ்டரை நேரில் பார்த்துப் பேசுங்கள். கடிதம் கண்டால் அலுவலகம் பதில் எழுதும். ஆளைக் கண்டால்தான் சிஸ்டர் பேசுவார்.

வழக்குரைஞர் (ஈரோடு):

சட்ட நிலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரசால் அங்கீகரிக்கப்பட்ட அல்லது அரசு நிதியிலிருந்து உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய இசைவு இல்லாமல், அவர் வயது வராதவராக இருந்தால் அவருடைய பாதுகாவலரின் இசைவு இல்லாமல், அங்கு நடக்கும் சமயப் போதனையில் பங்கேற்குமாறோ சமய வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பின் மூன்றாம் உட்பிரிவு கூறுகிறது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை 30ஆம் உறுப்பு தருகிறது. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை: பள்ளி திருப்பலி நடத்தலாம், உங்கள் மகளைக் கட்டாயப்படுத்தி அதில் உட்கார வைக்கக் கூடாது.

சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். “பள்ளியின் எல்லா நிகழ்ச்சிகளிலும் என் பிள்ளை பங்கேற்கச் சம்மதிக்கிறேன்” என்பது போன்ற ஒரு வரியில் பெற்றோர் கையெழுத்திட்டிருப்பது உண்டு. பெரும்பாலும் படிக்காமல் இட்ட கையெழுத்தாகவே அது இருக்கும். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

மகள் கூட்டத்தில் நின்றுகொண்டே செபம் சொல்லாமல் இருக்க விரும்பினால், அதுவும் மரியாதைக் குறைவு ஆகாது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தைத் தவறென்று கூறி, அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. நாட்டுப்பண்ணுக்கே பொருந்துவது, காலை செபத்துக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

கோபி வட்டாரத் தந்தை:

மேலே இருவரும் எழுதியது காகிதத்தில் சரியாக இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன். என் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நானும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. கடிதத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள், ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த முதல் வெள்ளியன்று வகுப்பே காலியாகிவிட, என் மகனும் வேறு இரண்டு குழந்தைகளும் மட்டும் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் காவலில் உட்கார்ந்து, பதினாறாம் வாய்ப்பாட்டை ஐந்து முறை எழுதினார்கள். மற்றவர்கள் பாட்டுப் பாடிவிட்டுச் சாக்லேட்டோடு திரும்பி வந்தார்கள். வீட்டுக்கு வந்த மகன், “நான் என்னப்பா தப்புச் செஞ்சேன்?” என்று கேட்டான். விலக்குக் கேட்டேன், கிடைத்தது தண்டனை.

எட்டு வயதுப் பிள்ளை, நாற்பது பேர் பாடும்போது தான் மட்டும் வாய் மூடி நிற்பதை உரிமையாக உணராது, கூச்சமாகத்தான் உணரும். ஆகவே, அனுப்பவா வேண்டாமா என்று கேட்பதற்கு முன், அனுப்பாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கும், யாரோடு இருக்கும், என்ன செய்யும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் அதைக் கேட்கத் தவறினேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை (கோவை):

கோபி ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. சரியாகச் சொன்னால், நானே அதைச் செய்திருக்கிறேன், வாய்ப்பாட்டுக்குப் பதிலாக உரைநடை எழுதச் சொன்னேன் என்பதுதான் வேறுபாடு.

எங்கள் பள்ளியில் மறைக்கல்விப் பாடவேளைக்கு மணி அடித்ததும் கத்தோலிக்கக் குழந்தைகள் ஒரு பக்கமும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்காக மறுபக்கமும் பிரிந்து போவார்கள். ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு முதல் வகுப்புக் குழந்தை நடுவில் நின்றுகொண்டு, “டீச்சர், நான் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். ஆறு வயதில் ஒரு குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்க நேர்வது எனக்கு உறுத்தியது. அடுத்த ஆண்டு முதல், பங்குத்தந்தையிடம் பேசி, மறைக்கல்வியை ஞாயிறு திருப்பலிக்குப் பிந்தைய வகுப்போடு சேர்த்துவிட்டோம். பள்ளியில் நன்னெறி மட்டும், எல்லோருக்கும் ஒன்றாக. பங்கில் சிலர், கத்தோலிக்கப் பள்ளியில் மறைக்கல்வி இல்லையா என்று ஆயர் இல்லம் வரை போய்க் குறை சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வராத குழந்தைகள் விடுபட்டுப் போனார்கள். அந்த இழப்பை நான் இன்றுவரை ஈடுசெய்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

முதல் வெள்ளியைப் பொறுத்தவரை, திருப்பலிக்கு வராத குழந்தைகளுக்குக் கதை சொல்வதற்கென்றே நன்றாகக் கதை சொல்லும் ஓர் ஆசிரியையை நிறுத்தினேன். மூன்றாவது மாதம், கத்தோலிக்கக் குழந்தைகள் சிலர் தாங்களும் கதைக்கே இருந்துகொள்வதாகச் சொன்னபோது பங்குத்தந்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கருமத்தம்பட்டிக்காரன்:

இத்திரியில் கத்தோலிக்கப் பெற்றோர் யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் தலைமுறைகளாகச் செபமாலை அன்னை மரியாவுக்குத் தேர் இழுக்கிற குடும்பம். அக்டோபர் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் எங்களவர்கள் எவ்வளவோ, அவ்வளவு பேர் இந்துக்களும் வேண்டுதலோடு வருவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரையும் நாங்கள் வரிசையில் நிறுத்தி அழைத்து வந்ததில்லை. கட்டாயமாக அழைத்துச் செல்வதால் விசுவாசம் வளரும் என்று நினைப்பவர்கள் அந்தக் கூட்டத்தை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

என் கவலை வேறு. என் மகனும் நான்காம் வகுப்புதான், அவனுக்கும் இந்த ஆண்டு புது நன்மை கொடுத்தார்கள். செபங்கள் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும்; வாய்ப்பாடு ஒப்பிக்கிற அதே மூச்சில் ஒப்பிப்பான். என் தாயார் இன்றும், “பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே” என்றுதான் தொடங்குவார். பள்ளியில், “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று கற்பித்திருக்கிறார்கள். பாட்டி செபத்தைத் தப்பாகச் சொல்கிறார் என்று அவன் என்னிடம் வந்து முறையிட்டான். இரண்டும் ஒரே செபம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வீட்டில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து அதைச் சொல்லி ஆண்டுகள் ஆகிவிட்டன. இரவு எட்டு மணிக்குத் தறிக்கூடத்திலிருந்து வருகிறேன், மனைவி தொலைக்காட்சி முன் வெங்காயம் உரிக்கிறார், செபமாலை ஆணியில் தொங்குகிறது. பிள்ளையைச் சிஸ்டரிடம் ஒப்படைத்தபோது விசுவாசத்தையும் சேர்த்தே ஒப்படைத்துவிட்டோம்.

சகோதரி, உங்கள் வீட்டில் அப்பத்தா குடிலுக்கு வைக்கோலும் எடுத்துக் கொடுக்கிறார், பேத்திக்காகக் கலங்கவும் செய்கிறார். அவரை வைத்துக்கொண்டு நீங்கள் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. கடைசி வேலை நாளன்று மாலை வகுப்பு சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இந்தப் பள்ளிக்கு வந்த பதினோரு ஆண்டுகளில் ஒரு பெற்றோரும் தம்மிடம் இதைக் கேட்டதில்லை என்றும், கேட்காததைச் சம்மதம் என்று தாமும் எடுத்துக்கொண்டுவிட்டதாகவும் சொன்னார். வழக்குரைஞர் ஐயா சொன்னது போலவே சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி இருந்தது, கீழே என் கணவரின் கையெழுத்தும் இருந்தது. அன்று சட்டைப்பையில் பேனா இல்லாமல் பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கிக் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறதாம்.

காப்பு விஷயத்தை மகளிடம் சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, “அப்போ எனக்கு எப்போ காப்பு?” என்று கேட்டாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அத்தைதான், இன்னும் இரண்டு வருடம் போகட்டும், தீர்த்தக்குடம் எடுக்கலாம், அதற்கு முன் மூன்று நாள் கவிச்சி இல்லாமல் இருக்க முடிகிறதா என்று பார் என்றார். முட்டையும் கவிச்சிதானா என்று கேட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். வேறு பள்ளி என்ற பேச்சை அத்தை அதற்குப் பின் எடுக்கவில்லை. விட்டுவிட்டார் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

திருப்பலிக்குப் போகிறாயா என்று மகளையே கேட்டோம். ஆர்மோனியம் வாசிப்பவரைப் பார்க்க வேண்டுமாம், போகிறாளாம். ஆனால் அவள் வகுப்பில் இன்னும் இரண்டு குழந்தைகளின் தாய்மார்கள், நான் கேட்டதை அறிந்து, தங்கள் பிள்ளைகளை அனுப்ப விருப்பமில்லை என்று இப்போது சொல்கிறார்கள். கோபி ஐயாவின் கேள்வியை அப்படியே சிஸ்டரிடம் வைத்தேன்: வகுப்பில் தங்கும் குழந்தைகளோடு யார் இருப்பார்? தலைமையாசிரியை சிஸ்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஜூனில் பள்ளி திறந்த பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.